அக்கா கடையின் முதலாளி

குழிக்குள் நிற்கும்போது குழந்தைராஜுக்கு ஆட்கள் தெரிவதில்லை, செருப்புகள்தான் தெரிகின்றன. தலைக்கு மேலே கார் நிற்கிறது. ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் டார்ச். கழுத்தை வளைத்து, காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே உள்ள சந்து வழியாகக் கடையின் மறுமூலையைப் பார்க்கிறார். அங்கே ஒரு ஜோடி தோல் செருப்பு நிற்கிறது. சற்று நேரத்தில் அதன் பக்கத்தில் ஒரு ரப்பர் செருப்பு வந்து சேர்கிறது. குழியின் விளிம்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என்னிடம் முறையிடுகிறார்: "பாத்தீங்களா சார், வண்டிய விட்டு எறங்குன ஒடனே எல்லாக் காலும் அந்தப் பக்கந்தான் போகுது. இங்க ஒரு மனுசன் குழிக்குள்ள கெடக்கானே, எட்டிப் பாப்போம்னு ஒரு காலுக்காவது தோணுதா?"

அந்த மூலையில் இருப்பது சக்கரத்தைச் சுழற்றி எடை பார்க்கும் மெஷின். அதன் முன்னால் நிற்பவர் விண்ணரசி, குழந்தைராஜின் மனைவி.

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கடை. 'ஆரோக்கிய அன்னை வீல் அலைன்மென்ட்' என்று பெயர்ப்பலகையில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். அதன் கீழே, மருந்து டப்பாவில் காலாவதித் தேதி போடுவார்களே, அந்த அளவில் 'வீல் பேலன்சிங்' என்றும் எழுதியிருக்கும். எழுத வந்தவருக்கு இடம் போதாமல் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்து டீக்கடை வீரையன்தான் விஷயத்தைச் சொன்னார். குழந்தைராஜ் அருகிலேயே நின்று, "இன்னும் சின்னதா, இன்னும் சின்னதா" என்று சொல்லிச் சொல்லி எழுத வைத்தாராம்.

கார் ஓட்டாதவர்களுக்காக இந்த இரண்டு வேலைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் குடும்பத்தின் வழக்கு புரியாது. ஸ்டீரிங்கை நேராகப் பிடித்திருந்தும் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் அது அலைன்மென்ட் கோளாறு. குழிக்குள் இறங்கிச் சரிசெய்ய வேண்டும், அது குழந்தைராஜின் வேலை. வேகம் எடுத்ததும் ஸ்டீரிங் கையில் உதறினால் அது பேலன்சிங் கோளாறு. சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுழற்றி, எந்தப் பக்கம் கனக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கத்தில் சின்ன ஈயத் துண்டு வைக்க வேண்டும், அது விண்ணரசியின் வேலை. நம் சாலைகளின் புண்ணியத்தில், வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் உதறுகிற வண்டிகள்தான்.

குழந்தைராஜ் இதை ஒப்புக்கொள்வதில்லை. எந்த வண்டி வந்தாலும், டிரைவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "அலைன்மென்ட்டுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"இல்லண்ணே, நேராத்தான் போகுது. எம்பதுக்கு மேல போனா மட்டும் ஒதறுது."

"எம்பதுக்கு மேல போனா அலைன்மென்ட்டு அப்படித்தான் ஒதறும்."

அந்த வண்டியை ஒரு சுற்று குழி மேல் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் மனைவி பக்கம் அனுப்புவார். அப்படி அனுப்பும்போது, மகளைக் கட்டிக்கொடுக்கும் தகப்பனின் முகத்தை வைத்துக்கொள்வார். வேலை தெரியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். குழியில் இறங்கினால் அவர் கெட்டிக்காரர். கார் கடைக்குள் நுழைந்து நிற்பதற்குள் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லிவிடுவார். கட்டையான உருவம், மை போட்ட மீசை, கழுத்தில் கிரீஸ் ஏறிக் கறுத்துப்போன, மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. சிலுவை போட்டுக்கொண்டுதான் குழிக்குள் இறங்குவார். ஏறி வந்ததும் முதல் வேலையாகச் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாருவார். எதிரே யாரும் இருக்க மாட்டார்கள், எல்லாரும் மெஷின் மூலையில் நிற்பார்கள்.

இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. நானும் பொறாமைக்காரன். என்னோடு கதை எழுத வந்த ஒருவருக்கு எங்காவது பாராட்டு விழா என்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போய், மேடையேறி, மட்டற்ற மகிழ்ச்சி என்று பேசிவிட்டு வருவேன். குழந்தைராஜுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. வயிறு எரிந்தால் எரிகிறது என்று ஊரறியச் சொல்லிவிடுவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் குளுகுளுவென்று இருக்கிறது.

கடைத்தெருவில் அவரைச் 'சந்தேகப் பேர்வழி' என்று கேலி செய்கிறார்கள். அது அநியாயம். மனைவியிடம் யார் பேசுகிறார்கள் என்பது அவருக்குக் கவலையே இல்லை. யார் பாராட்டுகிறார்கள் என்பதுதான் கவலை. ஒரு காலத்தில் இது 'குழந்தைராஜ் கடை'. இப்போது ஆட்டோக்காரரிடம் வழி கேட்டால், "அக்கா கடைதானே? அந்தப் பாலம் தாண்டி எடது பக்கம்" என்கிறார். இதைக் கேட்ட அன்று குழந்தைராஜ் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை என்று வீரையன் சொன்னார்.

"மெஷின் நம்பர் காட்டுது, இவ ஈயத்த ஒட்டுறா. இதுல என்ன சார் வித்தை இருக்கு?" என்பார் என்னிடம். "இவளுக்கு இந்த வேலையச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

விண்ணரசியிடம் கேட்டேன். "ஆமா சார், சொல்லிக் குடுத்தாரு. பட்டன் எதுன்னு" என்றார்.

மெஷினில் வேலை பார்த்தவர் திடீரென்று சிங்கப்பூர் கிளம்பிவிட, ரெண்டு நாளைக்குப் பார்த்துக்கொள் என்று சொல்லி மனைவியை நிறுத்தினாராம். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை. விண்ணரசி உயரமான பெண். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, கொண்டையை இறுக்கி முடிந்திருப்பார். அதிகம் பேசமாட்டார். சக்கரம் கைக்கு வந்ததும் அதை நேரே மெஷினில் மாட்டுவதில்லை. தரையில் சாய்த்து வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டையான திருப்புளியால் உள்பக்கத்தைச் சுரண்டுவார்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் வந்து பார்த்தால் அதன் காரணம் விளங்கும். சம்பா நடவு நடக்கும். இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர்கள் வயலிலிருந்து ஏறி, சாலை நெடுகச் சேற்றை இழுத்துவிட்டுப் போகும். அந்தச் சாலையில் போகும் கார்களின் சக்கர உள்வட்டத்தில் சேறு ஏறி, வெயிலில் காய்ந்து, கல்லாக ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பக்கம் கனத்துப்போன சக்கரம் வேகத்தில் உதறத் தொடங்கிவிடும். பல வண்டிகளுக்கு ஈயமே வேண்டியதில்லை, சுரண்டிவிட்டாலே போதும். சுரண்டாமல் மெஷினில் ஏற்றினால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டேன். "சேத்தோட எடை பாத்தா, அது சேத்துக்குப் பாத்த எடைங்க. சேறு உதுந்தா நம்ம வச்ச ஈயமே எதிரியாப் போயிடும்" என்றார். சுரண்டி முடித்ததும் தரையில் ஒரு கைப்பிடி வயல் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளி வாசலில் இருக்கும் செம்பருத்திச் செடிக்குப் போடுவார்.

போன ஐப்பசியில்தான் அந்தக் கறுப்பு ஷூ வந்தது. பாலிஷ் போட்ட ஷூ என்பதால் குழிக்குள்ளிருந்து குழந்தைராஜ் உடனே கவனித்துவிட்டார். அது மெஷின் மூலையில் வெகுநேரம் நின்றது. பைபாஸில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய டயர் ஷோரூமின் மேனேஜர் மணிவண்ணன் அது. தங்கள் ஷோரூமில் டயர் வாங்குகிறவர்கள்கூட பேலன்சிங்குக்கு மட்டும் 'அக்கா கடை'க்குப் போகிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தன் காரையே எடுத்துக்கொண்டு வந்திருந்தார். விண்ணரசி சுரண்டுவதையும், தரையில் விழுந்த சேற்றுக் கட்டியையும் பார்த்தார். நல்ல பிள்ளை, மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிட்டார்.

"எங்க ஆளுங்க யாருமே உள்பக்கம் குனிஞ்சு பாக்கறதில்லக்கா. நீங்க எங்ககிட்ட வந்துடுங்களேன். பேலன்சிங் செக்‌ஷன் முழுக்க உங்க பொறுப்புல விட்டுடறோம். பஸ், லாரிச் சக்கரம் ஏத்துற மெஷினும் இருக்கு. யோசிச்சு வைங்க, திங்கக்கெழமை நான் போன் பண்றேன்."

குழிக்குள் ஸ்பேனர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. குழந்தைராஜ் குனிந்து அதை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு வந்த பொறாமை முன்பு இருந்ததைப்போல இல்லை. இதுவரை ஊர் தன்னைவிட்டு மனைவியைப் பாராட்டுகிறதே என்று எரிச்சல்பட்டார். இப்போது மனைவியைத் தன்னிடமிருந்து ஊர் கேட்கிறதே என்றும் எரிச்சல்பட்டார். இரண்டையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. மேசை விசிறி எப்போதும் குழியைப் பார்த்துத்தான் சுற்றும். அதைத் தூக்கிக்கொண்டு போய் மெஷின் பக்கம் திருப்பி வைத்தார். விண்ணரசி திரும்பிக்கூடப் பார்க்காமல் சக்கரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் விசிறி பழையபடி குழிக்கே திரும்பிவிட்டது.

"போறதுன்னா போகட்டும் சார். நான் என்ன கட்டியா போட்டிருக்கேன்?" என்றார் என்னிடம். வண்டிக்கு அடியில் கொஞ்ச நேரம் ஏதோ உருட்டினார். பிறகு, "போறவ ஒரு வார்த்த சொல்லணுமா இல்லியா?" என்றார்.

"நீங்க கேட்டீங்களா?"

"நான் ஏன் சார் கேக்கணும்?"

அவர் டீக்கடைக்குப் போன சமயம் பார்த்து விண்ணரசியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் டயரின் பள்ளங்களில் சிக்கியிருந்த ஜல்லியை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அங்க போயே ஆகணும்னு இல்ல சார். ஆனா லாரிச் சக்கரம் ஏத்துற மெஷின்ல ஒரு தடவயாவது கை வச்சுப் பாக்கணும்னு இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தத் தம்பி என் வேலையப் பாத்துட்டு, நல்லா செய்யிறீங்கக்கான்னாரு. வர்றவங்க எல்லாரும் சொல்றாங்கதான். சொல்ல வேண்டியவரு ஒருத்தரு இருக்காரு பாருங்க, அவரு வாயிலேருந்து இதுநாள் வரைக்கும் வரல. கடைய விட்டுப் போனாலாவது வருமான்னு பாக்கலாமில்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூண்டி மாதா கோயிலில் விண்ணரசியின் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். அவர் போய்விட்டார். வேலை கிடக்கிறது என்று குழந்தைராஜ் கடையிலேயே இருந்துகொண்டார். வேலை ஒன்றும் இல்லை, துணைக்கு நான்தான் இருந்தேன். மத்தியானம் நாகூர் ஹபீப் முகம்மதுவின் வேன் வந்து நின்றது. தர்காவுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்குகிறவர், பழைய வாடிக்கை. இறங்கியதும் மெஷின் மூலையைப் பார்த்தார்.

"தங்கச்சி இல்லியா? சரி ராஜ், நான் நாளைக்கு வர்றேன். ஸ்டீரிங்கு லேசா ஒதறுது, அவ்வளவுதான்."

"ஏன் பாய், நான் இந்தக் கடைக்காரன் இல்லியா? உக்காருங்க."

குழந்தைராஜ் சக்கரத்தைக் கழற்றி, உருட்டிக்கொண்டு போய், நேரே மெஷினில் மாட்டினார். பட்டனைத் தட்டினார். சக்கரம் சுழன்று நின்றதும் மெஷின் பெரிய எண் ஒன்றைக் காட்டியது. அதைப் பார்த்ததும் அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சொல்லியாக வேண்டும். முதல் பரிசு விழுந்தவருக்குக்கூட அப்படி வராது.

"பாத்தீங்களா சார்! எவ்வளவு அவுட்டு பாருங்க! போன மாசம் அக்கா கைபட்ட சக்கரம்தானே இது? ஊரே தலையில தூக்கி வச்சு ஆடுதே, அந்த லட்சணத்தப் பாருங்க!"

அவள் தப்பு செய்திருக்கிறாள் என்ற சந்தோஷம் தலைக்கேறியவருக்குக் குனிந்து உள்பக்கம் பார்க்கத் தோன்றவில்லை. கைநிறைய ஈயத்தை அள்ளி, வரிசையாக ஒட்டினார். எதிர்ப்பக்கச் சக்கரமும் அதே கதைதான். அதற்கும் ஒட்டினார். மெஷின் பூஜ்யம் காட்டியது. ஹபீப் முகம்மது சலாம் சொல்லிவிட்டுப் போனார். குழந்தைராஜ் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு, எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அன்று மாலை முழுக்க நல்ல மனநிலையில் இருந்தார். நாளைக்கு அந்தப் போன் வரட்டும், இந்த வேனைப் பற்றிச் சொல்கிறேன் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் நான் போனபோது வேன் திரும்பி வந்து நின்றிருந்தது. ஹபீப் முகம்மது கோபக்காரர் அல்ல. "ராஜ், அம்மாப்பேட்டை வரைக்கும் பட்டாட்டம் போச்சு. அதத் தாண்டுனதும் பேயாட்டம் ஆடுது. ஸ்டீரிங்கப் புடிக்க முடியல" என்று மட்டும் சொன்னார். விண்ணரசி ஏற்கெனவே சக்கரத்தைக் கழற்றித் தரையில் சாய்த்திருந்தார். உள்வட்டத்தில் பாதிச் சேறு உதிர்ந்து போயிருந்தது. மீதிப் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே வரிசை கட்டி நின்றது குழந்தைராஜின் ஈயம். இரும்பு பளபளத்த இடத்தையும், காய்ந்த மண்ணையும், அந்த வரிசையையும் விண்ணரசி மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

"அலைன்மென்ட்டும் கொஞ்சம் அவுட்டா இருந்துச்சு..." என்று தொடங்கினார் குழந்தைராஜ். அது அவருக்கே நம்பும்படியாக இல்லை போலிருக்கிறது. பாதியில் நிறுத்தி, "நான்தான் வச்சேன். உள்ள பாக்கல" என்றார்.

"தெரியுது" என்றார் விண்ணரசி. திருப்புளியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார். ஈரம் போகாத அடிச்சேறு அவர் விரலெல்லாம் அப்பிக்கொண்டது. குழந்தைராஜ் குழிக்குள் இறங்கிப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தான் ஒட்டிய ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தானே பெயர்த்தெடுத்தார். ஹபீப் முகம்மது டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

அப்போதுதான் மெஷின் மேலிருந்த விண்ணரசியின் போன் அடித்தது. அவர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார், இரண்டிலும் சேறு. போன் அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தைராஜ் எழுந்து போய் எடுத்தார். மனைவிக்கு வரும் போனை அவர் எடுத்தால் என்ன சொல்வார் என்று கடைத்தெருவுக்கே தெரியும். அவ வேலையா இருக்கா, அவ கோயிலுக்குப் போயிருக்கா, அவ இல்ல.

மறுமுனையில் மணிவண்ணனின் குரல் எனக்கே கேட்டது. அக்கா இருக்காங்களா என்று கேட்டார்.

குழந்தைராஜ் தரையில் குவிந்து கிடந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்காங்க" என்றார்.

மனைவியைப் பற்றிப் பேசும்போது அவர் வாயில் அந்த 'ங்க' வந்து நான் கேட்டதில்லை. விண்ணரசியும் கேட்டிருக்க மாட்டார். சுரண்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "நல்லா செய்வாங்க தம்பி. நான் அந்த அளவுக்குச் செய்ய மாட்டேன். இருங்க, குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, குழந்தைராஜ் காற்றடிக்கும் கம்ப்ரெஸரை நிறுத்தினார். கடை அமைதியானது. மனைவியின் பக்கத்தில் போய்க் குனிந்து, போனை அவர் காதோரம் வைத்துப் பிடித்துக்கொண்டார். முகத்தை மட்டும் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுங்க தம்பி" என்றார் விண்ணரசி. அந்தப் பக்கம் மணிவண்ணன் கொஞ்ச நேரம் பேசினார். விண்ணரசி கணவரின் திருப்பிய முகத்தைப் பார்த்தார். "வர்றேன் தம்பி. ஆனா காலையில மட்டுந்தான். மத்தியானத்துக்கு மேல நம்ம கடையில வண்டி நிக்கும், நான் இங்க இருக்கணும்."

மறுமுனையில் சரி என்று சொல்லி வைத்துவிட்டார்கள். விண்ணரசி திரும்பவும் திருப்புளியை எடுத்துச் சேற்றைச் சுரண்டத் தொடங்கினார். தலை அசையும் பக்கமெல்லாம் கையைக் கொண்டுபோய், அணைந்துபோன போனை இன்னமும் அவர் காதிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார் குழந்தைராஜ்.